கடல் இருந்த தெரு

சிங்கை எழுந்த கதை – 11

தெலுக் ஆயர் தெருவைக் காட்டும் பழைய புகைப்படங்கள் சிலவற்றில் கடல் இருக்கிறது. ஒரு பக்கம் நாகூர் தர்காவின் மினாராக்கள், சற்றுத் தள்ளி தியான் ஹொக் கெங் கோயிலின் வளைந்த கூரை, இடையிடையே ஓடு வேய்ந்த கடைவீடுகள். எதிர்ச்சாரியில் வீடே கிடையாது. தெருவைத் தாண்டினால் தண்ணீர்தான். கப்பலில் வந்தவர்கள் கரையேறியதும் கும்பிட்டு நன்றி சொல்ல ஏற்ற இடத்தில்தான் இரண்டும் அமைந்தன. தமிழ் முஸ்லிம்களின் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையிலும், ஹொக்கியன் சீனர்களின் கோயில் 1839 முதல் 1842 வரையிலும் எழுந்தவை. இன்று அந்தத் தர்கா வாசலில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் எட்டாது. 1879இல் தொடங்கி, வாலிச் குன்றை வெட்டிய மண்ணைக் கொட்டி, அந்தக் கரையைத் தூர்த்துவிட்டார்கள். தூர்த்த நிலத்தின்மேல் தெருக்கள் வந்தன, சந்தை வந்தது, பிறகு வானளாவிய கட்டடங்கள் வந்தன.

ஆக, தெலுக் ஆயர் படத்தில் அலை அடித்தால் அது 1879க்கு முன்னால் எடுத்தது, தள்ளிப்போனால் மண்வண்டி அந்த இடத்துக்கு வந்துசேர்வதற்கு முன்னால் எடுத்தது என்று துணிந்து எழுதிவிடலாம். இப்படிச் சுற்றிவளைத்துத்தான் நாளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் படங்களில் தேதி போடும் வழக்கம் அரிது. மூலையில் ஓர் எண், அட்டையில் ஸ்டூடியோவின் பெயர், அதிகம் போனால் ஆங்கிலத்தில் ஒரு வரித் தலைப்பு, அவ்வளவுதான். அந்தப் பெயரையும் முழுதாக நம்ப முடியாது. ஒருவர் கடையை மூடும்போது அவருடைய கண்ணாடித் தகடுகளை இன்னொருவர் விலைக்கு வாங்கித் தம் பெயரில் படம் போட்டு விற்பது அன்றைய தொழிலில் சகஜம். நன்றாக விற்ற தகடு என்றால் இருபது வருஷம்கூட அதிலிருந்து படம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஊர் மாறியிருக்கும், படம் மாறியிருக்காது.

ஊரின் கட்டடங்களே இதற்கு நாட்காட்டி. ஆற்றின் முகத்தில் கேவனா பாலம் தெரிந்தால் 1869க்குப் பிந்தையது. நகர மண்டபத்தின் முன்னால் வெண்கல யானை நின்றால் 1872க்குப் பிந்தையது. சயாம் மன்னர் சூலலங்கோன் 1871இல் சிங்கப்பூருக்கு வந்துபோன நினைவாக அனுப்பிவைத்த யானை அது. தெருவில் ஒரு ரிக்‌ஷா தென்பட்டாலும் போதும், 1880க்கு முன்னால் அதை எடுத்திருக்க முடியாது. நீராவி டிராம் ஓடுகிறதென்றால் 1886க்கும் 1894க்கும் இடைப்பட்ட காலம், ஏனென்றால் அந்த நிறுவனம் எட்டு வருஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் இப்போது நாம் பார்க்கும் ராஜகோபுரம் 1925இல் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தில் அதைத் தேடக்கூடாது. சிங்கப்பூர் எந்த வேகத்தில் வளர்ந்தது என்பதற்கு, பத்து வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைக் கட்டடங்களை வைத்தே எளிதாகப் பிரித்துவிட முடிகிறது என்பதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1824 கணக்கெடுப்பில் பத்தாயிரத்து எழுநூறு பேரைத் தாண்டாத ஊர் அது. 1871இல் ஒரு லட்சத்தை நெருங்கியது. 1901இல் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டியிருந்தது.

சென்ற பகுதியில் சூயஸ் கால்வாய் திறந்ததையும் அதனால் துறைமுகத்தில் கப்பல்கள் பெருகியதையும் பார்த்தோம். இந்தப் பகுதியில் அதே காலத்தைப் புகைப்படக்காரர்களின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து பார்க்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1843 டிசம்பரில் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர் கஸ்தோன் டுட்ரோன்குவா என்பவர். லண்டன் ஹோட்டல் நடத்திவந்தவர், ஓவியம் வரைவார், நாடகத்தில் ஆசை உள்ளவர். புதிதாகக் கண்டுபிடித்த டாகுரோடைப் வித்தையைத் தாம் கரைத்துக் குடித்திருப்பதாகவும், உட்கார்ந்தால் இரண்டே நிமிஷத்தில் அச்சு அசலாக உருவத்தைப் பிடித்துத் தருவதாகவும் அறிவித்திருந்தார். ஒருவருக்கு 10 வெள்ளி. கணவனும் மனைவியும் ஒரே படத்தில் என்றால் 15 வெள்ளி. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அன்று துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் ஒரு மாதம் உழைத்தாலும் கையில் காணாத தொகை அது. இந்த டுட்ரோன்குவா பின்னாளில் தங்கம் தேடி மூவார் ஆற்றின் மேலே போனார், திரும்பவே இல்லை, அங்கே கொல்லப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. எடுத்த படமும் எதுவும் மிஞ்சவில்லை, எடுத்த ஆளும் மிஞ்சவில்லை.

அவருடைய விளம்பரத்தைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது முன்ஷி அப்துல்லாவின் குறிப்பு. மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் அப்துல்லாவின் முன்னோர் யெமனிலிருந்து வந்து நாகூரில் பெண் எடுத்தவர்கள். வணிகத்துக்கு வேண்டும் என்று மலாக்காவில் சிறுவயதில் தமிழும் படித்தவர் அவர். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் வந்த மருத்துவர் ஒருவர் தமக்குக் காட்டிய வெள்ளித் தகட்டைப் பற்றித் தம் ‘ஹிக்காயத் அப்துல்லா’வில் எழுதுகிறார். குன்றின்மேலிருந்து பார்த்தால் தெரியும் சிங்கப்பூர் நகரம் முழுவதும் அந்தச் சிறு தகட்டில் இருக்கிறது. மனிதக் கை வரையாமல், வெளிச்சமே வரைந்த சித்திரம். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, தகட்டைத் துலக்குவதிலிருந்து மருந்துப் புகை காட்டுவது வரை ஒவ்வொன்றாக எழுதிவைக்கிறார். வெள்ளைக்காரரின் விந்தை என்று வாயைப் பிளந்துவிட்டு நகராமல், வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்த கண் அது. சிங்கப்பூரின் தெருக்காட்சி முதன்முதலில் புகைப்படமானதற்கு எழுத்துச் சாட்சி, நாகூர் வேர் கொண்ட ஒரு மலாய் எழுத்தாளர்.

அப்துல்லா பார்த்த தகடு கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவற்றில் பழையது 1844இல் ஜூல் இத்தியே எடுத்தது. பிரெஞ்சுக்காரர், சுங்கத்துறை அதிகாரி. சீனத்தோடு வணிக உடன்படிக்கை செய்யப் புறப்பட்ட தூதுக்குழுவோடு போகிற வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். அன்று அரசாங்கக் குன்று என்று அழைக்கப்பட்ட, பின்னாளில் கேனிங் கோட்டையான, குன்றின் மேலிருந்து ஆற்றையும் படகுத்துறையையும் எடுத்தார். தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருளாதாரக் கண்ணோடு எடுத்த படம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. அழகான மாளிகை எதையும் அவர் தேடவில்லை. ஆற்றின் வளைவில் நெருக்கியடித்து நிற்கும் கிடங்குகளைத் தேடிப் பிடித்திருக்கிறார். அந்தக் கிடங்குகளுக்கும் நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய படகுகளில் அந்நாளில் பெரும்பாலானவை சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களின் கையில் இருந்தன. பிறகுதான் அந்தத் தொழில் சீனர்களிடம் போனது.

டாகுரோடைப் ஒற்றைப் பிரதி. எடுத்த தகடுதான் படம், வேறு பிரதி போட வழியில்லை. ஊர்க்காட்சியைக் கடையில் வைத்து விற்க வேண்டுமானால் ஒரு மூலத்திலிருந்து நூறு படம் போடத் தெரியவேண்டும். 1851இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கண்ணாடித் தகடு முறை அதற்கு வழிசெய்தது. கண்ணாடியின் மேல் கொலோடியன் என்ற பிசினை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காயும் முன்பே இருட்டில் கழுவியும் ஆகவேண்டும். இருட்டறை பக்கத்திலேயே இருந்தால்தான் இது நடக்கும். எனவே தெருவில் படம் எடுக்கப் போகிறவர் ஒரு கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடிகள், தண்ணீர் எல்லாவற்றையும் ஆள்வைத்துச் சுமந்துகொண்டு போனார்.

சிங்கப்பூரில் இது இன்னும் சிரமம். கொலோடியன் ஈதரில் கரைத்தது. ஈதர் ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். லண்டனில் பத்து நிமிஷம் ஈரமாக இருக்கும் தகடு, நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே மூடிய கூடாரத்துக்குள் எவ்வளவு நேரம் தாங்கும்? உள்ளே நிற்பவர் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி விழுந்தாலும் தகடு வீண். உச்சிவெயிலில் நிழலே விழாமல் கட்டடங்கள் தட்டையாகிப்போகும், பிற்பகலில் மழை வந்துவிடும். அந்தக் காலப் படங்களில் பெரும்பாலும் காலை வெளிச்சமே விழுந்திருப்பது இதனால்தான்.

இந்த முறைக்கு இன்னொரு குணம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய படங்களைப் படிக்க முடியாது. ஈரத் தகட்டுக்கு நீல வெளிச்சம் மட்டுமே நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் அநேகமாகத் தெரியவே தெரியாது. அதனால் நீல வானம் மேகமில்லாத வெள்ளைத் தாளாகிவிடும். சிவப்பு ஓடு கறுத்துவிடும், செம்மண் சாலை இருண்டுவிடும், மரங்கள் ஒரே கரிய திட்டாகும், மாநிறத் தோல் உள்ளதைவிடக் கறுப்பாக விழும். இன்று கணினியில் இந்தப் படங்களுக்கு வண்ணம் பூசி மகிழ்கிறவர்கள், கறுத்த கூரைக்குச் சாம்பல் நிறமும் இருண்ட சாலைக்குத் தார் நிறமும் அடித்துவிடுகிறார்கள். தாரே இல்லாத காலத்துச் சாலை அது. செக்கச்செவேலென்று இருந்திருக்க வேண்டிய ஊர்.

நின்றிருப்பது மட்டுமே அந்தத் தகட்டில் விழும். சில விநாடிகளாவது லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் நடந்துபோனவன் புகைபோல ஒரு கோடாவான், வண்டி மறைந்தேபோகும், மாட்டின் உடல் இருக்கும் தலை இருக்காது. கமர்ஷியல் ஸ்குவேர் என்ற வணிகச் சதுக்கம், 1858இல் ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாறியது, பகலில் நடக்க இடமில்லாத இடம். படத்திலோ அது விடிகாலை மைதானம்போல வெறிச்சென்று கிடக்கிறது. அந்த வெறிச்சோடலைப் பார்த்து, அமைதியான பழைய சிங்கப்பூர் என்று உருகுகிறவர்கள் உண்டு. அந்த அமைதி ரசாயனத்தால் வந்தது.

ஈரத் தகட்டுக்காரர்களில் முதலில் சொல்லவேண்டியவர் அகஸ்ட் சாக்ட்லர். ஜெர்மானியர். கிழக்காசியாவுக்கு வந்த பிரஷ்ய அரசின் பயணக்குழுவோடு ஜப்பான் வரை போய்ப் படமெடுத்துவிட்டு, 1863 வாக்கில் சிங்கப்பூரில் கடை போட்டார். 1874 வரை அந்தக் கடை நடந்தது. அவருடைய நிறுவனத்தின் ஆல்பம் ஒன்று, 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் இருக்கிறது. குன்றின் மேலிருந்தும் உயர்ந்த மாடிகளிலிருந்தும் எடுத்த ஊர்க்காட்சிகளும், மனிதர்களை நிறுத்தி எடுத்த படங்களும் அதில் உண்டு. ஆல்பத்தின் தலைப்பே அதை இரண்டாகப் பிரிக்கிறது: சிங்கப்பூரின் காட்சிகளும் மனித வகைகளும். காட்சி என்றால் கட்டடம், தெரு, ஆறு. மனித வகை என்றால் சீனர், மலாய்க்காரர், தமிழர்.

இந்தப் பிரிவினை சாக்ட்லரோடு நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சிங்கப்பூரில் விற்ற படங்கள் எல்லாம் இந்த இரண்டு பெட்டிக்குள்தான் அடங்குகின்றன. ஊர் ஒரு தகட்டில், ஊரைக் கட்டியவர்கள் வேறொரு தகட்டில். இரண்டும் ஒரே படத்தில் சேர்வது அபூர்வம். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

அன்றைய சிங்கப்பூரில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட கட்டடம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதே இடத்தில் கோல்மன் என்பவர் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. 1845இலும் 1849இலும் இடி விழுந்து பழுதாகி, 1852இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். புதியதற்கு 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். வரைபடம் ரொனால்டு மெக்பர்சன் என்ற அதிகாரியுடையது. 1861 அக்டோபரில் முதல் வழிபாடு நடந்தது. வெள்ளைவெளேரென்ற சுவர்கள், கூர்ங்கோபுரம், சுற்றிலும் புல்வெளி. கடலிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படும் அடையாளங்களில் ஒன்று.

கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825இல் பெங்கூலனை டச்சுக்காரரிடம் ஒப்படைத்தபோது அங்கிருந்த இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். சென்னை மாகாணத்தையும் வங்காளத்தையும் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகும் பல வருஷம், ஆயுள் தண்டனை பெற்றவர்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். எண்ணிக்கை ஒரு கட்டத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. சதுப்பைத் தூர்த்தது, சாலை போட்டது, கல் உடைத்தது, செங்கல் சுட்டது, புலியை வேட்டையாட அனுப்பப்பட்டது எல்லாம் அவர்கள்தான். கொத்து, தச்சு, கொல்லு என்று தொழில் கற்று, நன்னடத்தை காட்டியவர்கள் மற்றக் கைதிகளுக்கு மேற்பார்வையாளர்களாகவும் ஆனார்கள். கைதிகளுக்குக் கைதிகளே காவல்.

தேவாலயச் சுவருக்கு அவர்கள் பூசிய பூச்சைப் பற்றி, கைதிகள் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் தம் நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். மெக்நேர் சென்னைப் பீரங்கிப் படையிலிருந்து வந்த அதிகாரி. நூல் 1899இல் வெளிவந்தது. நம் ஊர்ப் பெரிய கொத்தனார்களுக்கு அந்தப் பக்குவம் புதிதாக இராது. கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, மணல் கிடையாது. முட்டை வெள்ளைக்கருவையும் கருப்பட்டி போன்ற நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அடித்துக் குழைக்க வேண்டும். கலக்குவதற்குத் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசியபின் வழவழப்பான கல்லைக்கொண்டு பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். சென்னைச் சுண்ணாம்பு என்றே ஆங்கிலேயர் அதை அழைத்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முகம் பார்க்கலாம் என்று சொல்வோமே, அந்தக் கைவேலை, ஆயுள் தண்டனைக்காரர்களின் கையோடு கடல் தாண்டிப்போய் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் தூண்களில் ஏறியது.

அந்தத் தேவாலயத்தின் படங்களை அச்சிட்ட தாளிலும் முட்டை வெள்ளைக்கரு இருந்தது. அந்நாள் புகைப்படத் தாள் வெள்ளைக்கருவில் உப்புச் சேர்த்துத் தடவி, வெள்ளி நைட்ரேட் ஏற்றி, கண்ணாடித் தகட்டோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்டி எடுப்பது. சுவருக்கு மினுமினுப்பைத் தந்த பொருளே அந்தச் சுவரின் படத்துக்கும் மினுமினுப்பைத் தந்தது. ஆனால் எடுத்த படங்களில் சுவர் மட்டும்தான் இருக்கிறது. சாரத்தில் ஏறி நின்றவர்களோடு, சாந்து சுமந்தவர்களோடு, அந்தக் கட்டடம் விற்பனைப் படங்களில் வரவில்லை. கட்டி முடித்த பிறகுதான் அது காட்சியாயிற்று.

சிறைக்கூடத்துக்குள் புகைப்படக் கலை தெரியாத காலமும் அல்ல. மெக்நேர் காலத்தில் நெசவு, அச்சுவேலை முதலியவற்றோடு படமெடுக்கவும் சில கைதிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிராஸ் பாசாவில் சிறை மதிலுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, இன்னொரு கைதியை அசையாதே என்று சொன்ன கைதி ஒருவன் இருந்திருக்கிறான். அவன் எடுத்த ஊர்க்காட்சி ஏதேனும் வெளியே விலைக்கு வந்திருந்தால் அதன் அடியில் அவன் பெயரை யார் போட்டிருப்பார்கள்?

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து நேரடியாக லண்டனின் கீழ் போயின. ஆளுநர் மாளிகை, இன்றைய இஸ்தானா, 1867இல் தொடங்கி 1869இல் முடிந்தது. அதுவும் மெக்நேர் திட்டம், கைதிகளின் உழைப்பு. கேவனா பாலத்தின் இரும்பு கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டது, பொருத்தியது கைதிகள். 1873இல் கைதி முகாமைக் கலைத்துவிட்டார்கள். தண்டனை பாக்கி இருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. தெரிந்த தொழிலைச் செய்துகொண்டு, அங்கேயே கலந்துவிட்டார்கள்.

ஜான் தாம்சன் பெயரை விட்டுவிட்டால் வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். எடின்பரோக்காரர், 1862இல் வந்தார், அண்ணன் வில்லியமோடு சேர்ந்து சிங்கப்பூரில் ஸ்டூடியோ நடத்தினார். அங்கோர்வாட்டையும் சீனத்தையும் படம்பிடித்து உலகப் புகழ் பெற்றவர். ஆனால் அவருடைய புகழுக்கும் சிங்கப்பூருக்கும் சம்பந்தம் குறைவு. இங்கே அவர் பிழைப்புக்காக ஆட்களை உட்காரவைத்து எடுத்தார். மனம் எப்போதும் அடுத்த கப்பலில் இருந்தது.

ஊரை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனத்தார். குஸ்தாவ் ரிச்சர்ட் லாம்பர்ட் டிரெஸ்டனிலிருந்து வந்து 1867இல் ஹை ஸ்ட்ரீட்டில் கடை திறந்தார். இடையில் ஐரோப்பா போய்விட்டு 1877இல் திரும்பி ஆர்ச்சர்ட் ரோட்டில் மறுபடியும் தொடங்கினார். சயாம் மன்னரின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். 1880களின் நடுவில் அலெக்சாண்டர் கோக் பொறுப்பேற்றார். நிறுவனம் உச்சத்துக்குப் போனது அவர் காலத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடம் விற்பனைக்கு இருந்த காட்சிகள் சுமார் 3,000 என்று கணக்குச் சொன்னார்கள். கப்பல் மாறுவதற்காக இரண்டு நாள் தங்கும் பயணி கடைக்குள் போய், எண்ணைச் சொல்லிப் படங்களைத் தேர்ந்து, ஆல்பமாகக் கட்டச் சொல்லிவிட்டு, கப்பல் ஏறும்முன் வாங்கிக்கொண்டு போகலாம். சூயஸ் வழி வந்த பயணிகள் கூட்டம் இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை.

வாங்குகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால், எதை எடுத்தார்கள் என்பது தானே விளங்கும். பாடாங் மைதானம், தேவாலயம், நகர மண்டபம், ஹோட்டல்கள், தாவரவியல் தோட்டம், ஆளுநர் மாளிகை, ஜான்ஸ்டன் துறைப்பாலம். பிறகு கொஞ்சம் வேற்றுநாட்டு வாசனைக்காகச் சீனர் கடைத்தெரு, மாரியம்மன் கோயில், மலாய்க் கம்போங். பாடாங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அபினியிலிருந்து ஈயச் சுரங்கம் வரை அங்கே கடன் வாங்காத தொழில் இல்லை. தரையில் பாய் விரித்து, கைப்பெட்டியின் முன் உட்கார்ந்து, பனையோலைக்கும் பேரேட்டுக்கும் இடையில் ஒரு நகரத்தின் பணம் புரண்டது. அங்கே கேமரா நுழையவில்லை. கிட்டங்கிக்குள் வெளிச்சம் போதாது என்பது ஒரு காரணம். அதை யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்பது பெரிய காரணம். செட்டியார் ஸ்டூடியோவுக்குப் போய் நின்றார், அல்லது நிறுத்தப்பட்டார். பின்னால் தீட்டிய திரை, காலடியில் விரிப்பு, அடியில் பெயரில்லாமல் ‘செட்டி’ என்று மட்டும் எழுத்து. சலவைத் தொழிலாளி, நாவிதர், நகைத் தட்டார், பால்காரர் எல்லாருக்கும் இதே கதி. தென்னிந்தியர் என்றால் பொதுவாக ‘கிளிங்’ என்ற தலைப்பு.

விதிவிலக்கு வண்ணான் துறை. பிராஸ் பாசாவை ஒட்டி ஓடிய ஸ்டாம்போர்டு கால்வாயில் சென்னையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் போன சலவைத் தொழிலாளிகள் துணி துவைத்துப் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். டோபி காட் என்று இன்றும் ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் இடம். அங்கே தொழிலும் தொழிலாளியும் இடமும் ஒரே படத்தில் வந்துவிட்டன. வெள்ளைத் துணி வரிசையாகக் காய்வது பார்க்க அழகாக இருந்ததால் வந்த வாய்ப்பு அது.

1880களில் தொழில்நுட்பம் மாறியது. முன்கூட்டியே மருந்து பூசி உலர்த்திப் பெட்டியில் வரும் ஜெலட்டின் தகடுகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. கூடாரமும் மருந்துப் புட்டிகளும் ஒழிந்தன. ஒரு விநாடிக்குள் படம் எடுத்துவிடலாம். காலியாகக் கிடந்த தெருக்களில் திடீரென்று ஜனங்கள் தோன்றினார்கள்! படகுத்துறைப் படங்களில் ஆறே தெரியாத அளவுக்குச் சரக்குப் படகுகள், அவற்றுக்கும் கிடங்குக்கும் இடையே போட்ட பலகையில் மூட்டையோடு ஏறுகிறவர்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா பள்ளிவாசலின் இரட்டை மினாராக்களுக்குக் கீழே ரிக்‌ஷாக்கள், தண்ணீர் வண்டி மாடுகள், தலைப்பாகைக்காரர் ஒருவர் பின்னங்கழுத்தைச் சொறிந்தபடி. ஊர் அன்று நிரம்பவில்லை, முன்பே நிரம்பித்தான் இருந்தது. தகட்டுக்குக் கண் இப்போதுதான் திறந்தது.

இந்தக் காலத்துப் படங்களைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். லாம்பர்ட் ஆட்கள் எடுக்க நினைத்தது நடுவில் இருக்கும். நமக்கு வேண்டியது ஓரத்தில் இருக்கும். தேவாலயத்தின் வேலியோரம் மாட்டுவண்டியை நிறுத்திவிட்டு கேமராவையே பார்க்கும் வண்டிக்காரர். சாலையில் கல் பரப்பிக்கொண்டிருக்கும் நகராட்சிக் கூலிகள். அந்த வேலையில் அப்போது தமிழர்களே மிகுதி. ஐந்தடி நடையில் அரிக்கேன் விளக்கு மாட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருக்கும் சிறுவன். அச்சுத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே தெரிகிறவர்கள். தலைப்பில் அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லாததால், ‘வகை’யாக நிற்கும் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

1887 ஜூன் 27ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா. பாடாங் மைதானத்தில் ராபிள்ஸின் வெண்கலச் சிலையை ஆளுநர் வெல்டு திறந்துவைத்தார். சிற்பி தாமஸ் வுல்னர். பரந்த புல்வெளியின் நடுவே கைகட்டி நிற்கும் அந்தச் சிலை லாம்பர்ட்டின் பட்டியலில் உடனே ஏறியது, பல வருஷம் விற்றது. 1919இல் சிலையை எம்பிரஸ் பிளேஸுக்கு மாற்றிவிட்டதால், புல்வெளியில் சிலை நிற்கும் படம் என்றால் இந்த முப்பத்திரண்டு வருஷத்துக்குள் எடுத்தது என்று தேதி சொல்லவும் அது உதவுகிறது.

அதே பொன்விழா நாளில் மகதூம் சாகிபு என்பவர் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழின் முதல் இதழை வெளியிட்டார். 1890 வரை அது வந்தது. புகைப்படம் கிடையாது, ஈய எழுத்துகள் மட்டும். ஆனால் லாம்பர்ட்டின் கேமரா நுழையாத கிட்டங்கிக்கும் கடைத்தெருவுக்கும் தர்கா வாசலுக்கும் அது போயிற்று. அடுத்த பகுதியில் அந்த இதழ்களைப் புரட்டுவோம்.

(தொடரும்)